பிஸ்டன் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை: எம்4 ஏர்சாஃப்ட் கியர்பாக்ஸ் சுடாமல் போவது ஏன்?

கேள்வி சுருக்கமாக இது: எம்4 வடிவ மின் ஏர்சாஃப்ட் துப்பாக்கி (சிறு பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி). உள்ளே வெர்ஷன் 2 கியர்பாக்ஸ், எம்100 ஸ்பிரிங், 11.1 வோல்ட் லிப்போ (லிதியம் பாலிமர்) பேட்டரி. கொஞ்ச நாளாகவே செமியில் (ஓர் அழுத்தலுக்கு ஒரு குண்டு) இரண்டு மூன்று முறை சுட்டதும் ட்ரிகர் செத்துப்போகும். ஆட்டோவுக்கு (அழுத்தியிருக்கும் வரை தொடர்ந்து சுடும் நிலை) மாற்றி ஒருமுறை அழுத்தினால் மறுபடி வேலை செய்யும். இப்போது எதில் வைத்தாலும் மோட்டார் மட்டும் கத்துகிறது, குண்டு வரவில்லை. புது பிஸ்டன் போட்டால் சரியாகிவிடுமா?

பிஸ்டன் பல் போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் பிஸ்டனை மட்டும் மாற்றி மூடினால் புதியதும் அதே கதிக்குத்தான் போகும். செமியில் ட்ரிகர் செத்ததையும் இப்போது பல் போனதையும் தனித்தனிக் கோளாறாகப் பார்க்காதீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம், அது பெரும்பாலும் அந்த 11.1 வோல்ட்தான். ஏன் என்று புரிய, ஒரு குண்டு வெளியேறும் நேரத்தில் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ட்ரிகரை அழுத்தினால் அது ட்ராலி எனப்படும் சிறு பிளாஸ்டிக் துண்டைத் தள்ளும். ட்ராலியில் இருக்கும் செம்புத் தகடு சுவிட்சின் இரண்டு முனைகளையும் சேர்க்கும், மோட்டார் ஓடும். மோட்டார் முனையின் பினியனிலிருந்து பெவல், ஸ்பர், செக்டர் என மூன்று கியர் வழியாகச் சுழற்சி போகிறது. சாதாரண கியர் செட்டில் மோட்டார் ஏறக்குறைய 18 சுற்று சுற்றினால் செக்டர் ஒரு சுற்று. செக்டருக்கு ஒரு பாதியில்தான் பல் உண்டு. அந்தப் பாதி பிஸ்டனின் அடியிலுள்ள பல்வரிசையைப் பிடித்துப் பின்னால் இழுத்து ஸ்பிரிங்கை அமுக்கும். பல் தீர்ந்ததும் பிஸ்டன் விடுபட்டு முன்னால் பாயும், சிலிண்டரில் இருக்கும் காற்று நாசில் வழியே குண்டைத் தள்ளும். செக்டரின் ஒரு பக்கத்தில் இருக்கும் முளை டாப்பெட் பிளேட்டை இழுத்து நாசிலைப் பின்வாங்க வைக்கும், அந்த இடைவெளியில் அடுத்த குண்டு ஏறும். மறுபக்கத்தில் இருக்கும் காம் என்ற மேடு கட்ஆஃப் லீவர் என்ற சிறு நெம்பைத் தள்ளும், லீவர் ட்ராலியை ட்ரிகரிலிருந்து கழற்றிவிடும். செமியில் ஒரு சுற்றோடு நிற்பது இதனால்தான். ஆட்டோவில் செலக்டர் பிளேட் அந்த லீவரைக் காமின் வழியிலிருந்து விலக்கி வைத்திருக்கும்.

இப்போது உங்கள் முதல் கோளாறு. காம் லீவரைத் தூக்கிய அதே இடத்தில் கியர் நின்றுவிட்டால் ட்ராலி கீழே இறங்காது, ட்ரிகர் எதையும் தள்ளாது. ஆட்டோவுக்கு மாற்றினால் லீவர் விலகும், கியர் நகரும், பூட்டு அவிழும். கியர் அங்கே போய் நிற்பதற்கு நேரெதிரான இரண்டு காரணங்கள் உண்டு. பேட்டரி சோர்ந்திருந்தாலோ ஸ்பிரிங் கனமாக இருந்தாலோ உராய்வு கூடியிருந்தாலோ கியர் சுற்றை முடிக்க முடியாமல் காமின் மேலேயே நின்றுவிடும். மாறாக, 11.1 வோல்ட்டில் எம்100 மாதிரி மிதமான ஸ்பிரிங்கை ஓட்டினால் மின்சாரம் அறுந்த பிறகும் மோட்டார் வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்து, அடுத்த சுற்றில் பெரும்பகுதியைக் கடந்து மறுபடி காமில் போய் நிற்கும். முதல் வகையில் சுடும் சத்தம் இழுவையாக, சோம்பலாக இருக்கும். இரண்டாவது வகையில் சத்தம் கூர்மையாக இருக்கும், அவ்வப்போது செமியிலேயே இரண்டு குண்டு போகும். உங்களுக்கு அப்படி இரட்டைக் குண்டு போயிருந்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அந்த வேகம் பல்லை எப்படித் தின்கிறது? வினாடிக்கு 25 குண்டு என்றால் ஒரு சுற்றுக்கு 40 மில்லி வினாடி. அதில் பாதியளவு பிஸ்டனைப் பின்னால் இழுக்கவே போய்விடும். மிச்ச நேரத்துக்குள் பிஸ்டன் முழுதாக முன்னால் போய், சிலிண்டர் ஹெட்டில் மோதி, அதிர்ந்து அடங்கியிருக்க வேண்டும். ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் பிஸ்டன் வந்து சேருமுன் செக்டரின் முதல் பல் சுற்றி வந்துவிடும். முன்னால் பாய்கிற பிஸ்டனும் பின்னால் இழுக்க வருகிற பல்லும் நேருக்கு நேர் மோதும். சில பத்து முறை இப்படி நடந்தால் பிளாஸ்டிக் பல் உதிர ஆரம்பிக்கும். 1991-இல் ஃபாமாஸ் மாடலோடு இந்த மின் துப்பாக்கி வகையைத் தொடங்கிய டோக்கியோ மருய் நிறுவனம், பிறகு வந்த தன் மாடல்களை 8.4 வோல்ட் நிக்கல் பேட்டரிக்கும் ஜப்பானின் 0.98 ஜூல் குண்டு ஆற்றல் வரம்புக்குள் அடங்கும் மெல்லிய ஸ்பிரிங்குக்கும் கணக்குப் பண்ணித்தான் வடிவமைத்தது. அதே வடிவத்தை நகலெடுத்த கியர்பாக்ஸில் 11.1 வோல்ட்டைக் கொடுத்துவிட்டு பிஸ்டன் தரமில்லை என்று சொல்வது நியாயமில்லை.

சரி, திறப்பதற்கு முன் வெளியிலிருந்தே பார்க்க வேண்டியவை. மேகசினைக் கழற்றுங்கள், குழாயில் குண்டு இல்லை என்று உறுதி செய்யுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ட்ரிகரை அழுத்திக் காதால் கேளுங்கள். பாதி நோயறிதல் சத்தத்திலேயே முடிந்துவிடும்.

சத்தமே இல்லை என்றால் கியர்பாக்ஸ் மேல் பழி போடாதீர்கள், அது மின்சாரக் கோளாறு. மல்டிமீட்டரில் பேட்டரியைப் பாருங்கள்: 7.4 வோல்ட் லிப்போ முழுச் சார்ஜில் 8.4, 11.1 வோல்ட் முழுச் சார்ஜில் 12.6 காட்ட வேண்டும். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அந்த பேட்டரியை இனிப் பயன்படுத்தாதீர்கள். அடுத்து ஃபியூஸ், அதற்கடுத்து கனெக்டர். வெள்ளைநிற சிறிய டாமியா கனெக்டரில் உள்ளே இருக்கும் பின் பின்னுக்குத் தள்ளிப்போவது சகஜம். வெளியே பார்த்தால் மாட்டியிருக்கும், உள்ளே தொட்டிருக்காது. பிறகு பிடியின் அடித்தட்டைக் கழற்றி மோட்டாரின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்து ட்ரிகரை அழுத்துங்கள். முனை வரை வோல்ட் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை என்றால் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். தேய்ந்திருக்கும் அல்லது அதை அழுத்தும் சிறு ஸ்பிரிங் இடம் மாறியிருக்கும். வோல்ட் வரவில்லை என்றால் வயர் அல்லது ட்ரிகர் சுவிட்ச். மாஸ்ஃபெட் (மோட்டார் மின்னோட்டத்தைத் தாங்கும் மின்னணு சுவிட்ச்) இல்லாத துப்பாக்கியில் மோட்டாரின் முழு மின்னோட்டமும் அந்தச் சின்ன செம்புத் தகடு வழியாகத்தான் போகிறது. 11.1 வோல்ட்டில் ஒவ்வொரு தடவையும் பொறி பறக்கும், தகடு கருகும்.

‘டிக்’ என்றோ ‘ம்ம்’ என்றோ முனகி நின்றால் கியர் பூட்டிக்கொண்டிருக்கிறது. உடனே ட்ரிகரை விடுங்கள். அழுத்திப் பிடித்தபடி முயன்றால் வயரோ மோட்டாரோ கருகும். முதலில் நல்ல பேட்டரி ஒன்றை மாட்டிப் பாருங்கள். பிடியின் அடியில் இருக்கும் மோட்டார் உயர ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். மோட்டார் மேலே அதிகம் ஏறியிருந்தால் பினியன் பெவலோடு இறுகிப் பிடிக்கும், அதற்கு இதுவே போதும். அப்போதும் நகரவில்லை என்றால் மோட்டாரை வெளியே எடுத்து, கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, பினியன் பக்கம் விரல் போகாமல் ஒரு நொடி ஓட்டுங்கள். தனியே நன்றாக ஓடினால் உள்ளே ஏதோ பல் உடைந்து கியருக்கு நடுவே மாட்டியிருக்கிறது.

உங்களுடையது மூன்றாவது வகை: மோட்டார் கத்துகிறது, ‘டொக்’ என்ற பிஸ்டன் அடி இல்லை. மிக்ஸியில் கப்ளர் தேய்ந்தால் ஜார் சுற்றாமல் மோட்டார் மட்டும் ஊளையிடுமே, அதே மாதிரி. இதற்கும் பிஸ்டனைச் சந்தேகிக்குமுன் இரண்டு எளிய விஷயங்கள் பாக்கி இருக்கின்றன. மோட்டார் மிகக் கீழே இறங்கியிருந்தால் பினியன் பெவலைத் தொடாமலே சுற்றும். உயர ஸ்க்ரூ அதிர்வில் தானாகத் தளர்வது அடிக்கடி நடக்கிற ஒன்று. அடுத்தது பினியன். மோட்டார் தண்டின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருந்தால் பினியன் ஒரு சிறு ஸ்க்ரூவில் நிற்கிறது, தண்டு முழு வட்டமாக இருந்தால் இறுக்கிச் செருகியிருக்கிறது. மோட்டாரை வெளியே எடுத்து, பினியனைப் பிளையரில் பிடித்து, தண்டின் மேல் அது மட்டும் தனியே சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்றால் கியர்பாக்ஸைத் திறக்கவே வேண்டாம்.

ஒவ்வொரு சுடலுக்குப் பிறகும் ‘ஜ்ர்ர்’ என்று கியர் பின்னோக்கி ஓடும் சத்தம் கேட்டால் ஆன்டி ரிவர்சல் லாட்ச் பிடிக்கவில்லை. பெவலின் அடியில் உட்கார்ந்து அது திரும்பி ஓடாமல் தடுக்கும் சிறு கொக்கி அது. அதன் மெல்லிய ஸ்பிரிங் இடம் மாறியிருக்கும், அல்லது கொக்கியின் முனை மழுங்கியிருக்கும்.

எல்லாம் ஒழுங்காகச் சுற்றுகிறது, அடியும் கேட்கிறது, குண்டு மட்டும் வரவில்லை என்றால் அது வேறு கதை. முதலில் வேறு மேகசின், அடுத்து ஹாப்-அப்பை (குண்டுக்குப் பின்சுழற்சி தரும் ரப்பர் அமைப்பு) பூஜ்யத்துக்குத் திருப்புவது, அதற்கும் பிறகுதான் டாப்பெட் பிளேட். நாசில் பின்வாங்கவில்லை என்றால் டாப்பெட்டின் கை உடைந்திருக்கும் அல்லது அதன் ஸ்பிரிங் கழன்றிருக்கும்.

இவற்றில் எதுவும் உங்கள் கோளாறை விளக்கவில்லை என்றால் திறக்கலாம். பேட்டரி கழற்றியிருக்க வேண்டும். எம்4-இல் முன் உடல் முள்ளை (பின்) தள்ளினால் மேல்பாகம் குழாயோடு முன்னால் வழுக்கி வந்துவிடும். பிறகு பிடியின் அடித்தட்டு, மோட்டார் வயர், மோட்டார், பிடிக்குள் இருக்கும் ஸ்க்ரூக்கள் என்று போங்கள். பின்கட்டையையும் அதன் குழாயை இறுக்கும் நீள ஸ்க்ரூவையும் கழற்றி, மேகசின் பட்டன், செலக்டர் நெம்பு, மிச்சமுள்ள முட்கள் ஆகியவற்றை எடுத்தால் கியர்பாக்ஸ் மேலே வரும். மாடலுக்கு மாடல் வரிசை கொஞ்சம் மாறும். ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையிலேயே காகிதத்தில் குத்தி வையுங்கள். நீளம் மாறிப் போட்டால் ஓட்டின் (கியர்பாக்ஸின் வெளிக்கூடு) மரை போகும்.

ஓட்டைப் பிரிப்பதற்கு முன் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் நின்றிருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்டன் பாதி வழியில் நின்றிருந்தால், மோட்டார் இருந்த துளை வழியே சிறு தட்டை ஸ்க்ரூடிரைவரால் ஆன்டி ரிவர்சல் லாட்சை விலக்குங்கள். கியர் சட்டென்று பின்னோக்கிச் சுழன்று பிஸ்டன் விடுபடும், விரல் உள்ளே இருக்கக்கூடாது. அதன் பிறகும் ஸ்பிரிங்கில் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும். பின்புறத்தில் ஸ்பிரிங் கைட் (ஸ்பிரிங்கைத் தாங்கும் தண்டு) துளையில் நீள ஸ்க்ரூடிரைவரைச் செருகிப் பிடித்தபடி, ஓட்டின் மேல் பாதியை மெதுவாகத் தூக்குங்கள். இதைச் செய்யாமல் பிரிப்பவர்கள்தான் ஸ்பிரிங்கை மேஜைக்கடியிலும் லாட்சின் தலைமுடியளவு ஸ்பிரிங்கை எங்கேயோவும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது பிஸ்டனை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். எந்தப் பல் போயிருக்கிறது என்பது எல்லாவற்றையும் சொல்லிவிடும். பிஸ்டன் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் முன்பற்கள் உடைந்து, வால் பக்கத்துப் பற்கள் நன்றாக இருந்தால், மேலே சொன்ன நேருக்கு நேர் மோதல். அதாவது வேகம் அதிகம், ஸ்பிரிங் போதவில்லை. வாலில் இருக்கும் முதல் பல், செக்டர் முதன்முதலில் தொட்டு இழுக்கும் அந்தப் பல், மட்டும் வளைந்தோ விளிம்பு உருண்டோ இருந்தால் தொடும் கோணம் சரியில்லை: செக்டர் பல் முழுமுகமாகச் சேராமல் நுனியில் மட்டும் பிடித்து இழுத்திருக்கிறது. எல்லாப் பற்களும் ஒரே பக்கமாகச் சீவினாற்போல் தேய்ந்திருந்தால் ஷிம் (கியரின் உயரத்தைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) தப்பு; செக்டர் ஒரு பக்கம் ஒதுங்கி, பல்லின் பாதி அகலத்தில் மட்டும் இழுத்திருக்கிறது. பற்கள் முழுவதும் வழித்தெடுத்தாற்போல் இருந்தால் பிஸ்டன் பின்னால் எங்கோ சிக்கி நின்றபடி கியர் அதைச் சுரண்டியிருக்கிறது. பிஸ்டனை ஓட்டின் தண்டவாளத்தில் வைத்துக் கையால் முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள், எங்கே பிடிக்கிறது என்று விரலுக்கே தெரியும்.

ஓட்டின் முன்பகுதியையும் விடாதீர்கள். வெர்ஷன் 2-இன் பரம்பரை வியாதி அங்கேதான்: சிலிண்டர் ஜன்னலின் முன் மூலைகள் கூரான செங்கோணமாக இருக்கும், பிஸ்டன் அடியின் அழுத்தம் முழுக்க அங்கே குவிந்து விரிசல் விடும். இன்னும் விரியவில்லை என்றால் வட்ட அரத்தால் அந்த மூலைகளை லேசாக உருட்டிவிடுங்கள், பத்து நிமிட வேலை. விரிந்துவிட்டால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, ஓட்டையே மாற்ற வேண்டும்.

கோணத்தைச் சரிசெய்யும் விதம் இது. காலியான ஓட்டில் செக்டர், பிஸ்டன், சிலிண்டர், சிலிண்டர் ஹெட் நான்கையும் மட்டும் வைத்து, பிஸ்டனை முன்னால் முட்டத் தள்ளி, செக்டரின் முதல் பல் பிஸ்டனின் முதல் பல்லைத் தொடும் இடத்தைப் பாருங்கள். நுனியில் தொட்டால் பிஸ்டன் இன்னும் கொஞ்சம் பின்னால் நிற்க வேண்டும். சிலிண்டர் ஹெட்டின் உள்முகத்தில் இருக்கும் ரப்பரை எடுத்துவிட்டு அதைவிடத் தடிமனான, நடுவில் துளையுள்ள ரப்பர் பட்டையை ஒட்டுங்கள். எத்தனை மில்லிமீட்டர் என்பதை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்; பல்லின் முகம் முழுதும் படியும் வரை கூட்டுங்கள். ஹெட்டைக் கரடுதாளால் தேய்த்து, எண்ணெய் துடைத்து ஒட்டாவிட்டால் பட்டை பிய்ந்து சிலிண்டருக்குள்ளேயே சுற்றும். பிஸ்டன் இப்படிப் பின்னால் வந்த பிறகு, வாலிலிருந்து இரண்டாவது பல் செக்டருக்குக் குறுக்கே நிற்கும். அதை அரத்தால் அடிவரை இழைத்துவிட வேண்டும். இதை மறந்து மூடினால் முதல் சுற்றிலேயே பூட்டிக்கொள்ளும்.

ஷிம் போடுவதில் அவசரப்படாதீர்கள், இந்த வேலையின் தரம் அங்கேதான் இருக்கிறது. 0.1, 0.15, 0.2, 0.3, 0.5 மில்லிமீட்டர் என்று கலந்து விற்கும் பொட்டலம் ஒன்று போதும். கியர் தண்டைத் தாங்கும் புஷ் அல்லது பேரிங் ஓட்டில் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் ஸ்பர் கியர், அது ஓட்டில் உரசாமல் எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ இருக்கட்டும். அடுத்து செக்டர், ஸ்பரைத் தொடாமல் பல்லின் முழு அகலமும் சேரும்படி. கடைசியாகப் பெவல், அதன் உயரத்தை மோட்டாரையும் பிடியையும் மாட்டி பினியனோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு கியருக்கும் பக்கவாட்டில் 0.1 மில்லிமீட்டர் அளவு ஆட்டம் இருந்தால் சரி. ஓட்டின் எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கிய பிறகே இதைச் சோதிக்க வேண்டும். இரண்டு ஸ்க்ரூவில் நன்றாகச் சுழலும் கியர் எட்டாவது ஸ்க்ரூவில் இறுகிப்போகும். விரலால் தட்டிவிட்டால் சுரண்டல் சத்தமில்லாமல் சில சுற்றாவது தானாக ஓடி நிற்க வேண்டும்.

உதிர்ந்த பல் தூளை விட்டுவைக்காதீர்கள். பழைய கிரீஸ் முழுவதையும் துடைத்தெடுத்து, கியர் பல்லுக்கு லிதியம் அல்லது மாலிப்டினம் கலந்த கிரீஸை மெல்லிய பூச்சாகப் போடுங்கள். சிலிண்டருக்கும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்துக்கும் சிலிக்கான் கிரீஸ் மட்டும். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். துரு நீக்கும் ஸ்ப்ரே எங்கேயும் வேண்டாம். பிஸ்டன் ஹெட் போட்டு, சிலிண்டரை மூடி, நாசில் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைத் தள்ளிப் பாருங்கள். காற்று மெத்தென்று எதிர்த்து நிற்க வேண்டும். புஸ்ஸென்று இறங்கினால் பிஸ்டன் ஹெட், சிலிண்டர் ஹெட், நாசில் மூன்றின் ஓ-ரிங்கையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கட்ஆஃப் லீவரின் முனையையும் இப்போதே பார்த்துவிடுங்கள். தேய்ந்து உருண்டிருந்தால் செமியில் வைத்தாலும் ஆட்டோபோல ஓடும், அதன் விலையும் சொற்பம்.

பிறகு பழைய பிரச்சினை திரும்பாமல் இருக்க மூன்று வழி. எளியது 7.4 வோல்ட் லிப்போவுக்கு இறங்குவது. செமி பூட்டும் நிற்கும், பல்லும் பிழைக்கும், வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். என் சிபாரிசு இதுதான். 11.1 வோல்ட்டை விட மனமில்லை என்றால் ஆக்டிவ் பிரேக் உள்ள மாஸ்ஃபெட் போடுங்கள். மின்சாரம் அறுந்ததும் மோட்டாரை அதுவே பிடித்து நிறுத்தும். ஆனால் மோட்டார் கூடுதலாகச் சூடாகும், பிரஷ் சீக்கிரம் தேயும். மேலும் பிரேக் செமிக்குத்தான் உதவும், ஆட்டோவில் பிஸ்டனும் பல்லும் மோதுவதை அது தடுக்காது. அதற்குக் கனத்த ஸ்பிரிங் அல்லது எடை குறைந்த பிஸ்டன் வேண்டும். மூன்றாவது, கட்ஆஃப் லீவரையே எடுத்துவிட்டு கியரின் நிலையை ஒளி சென்சாரால் படிக்கும் மின்னணு ட்ரிகர். போலந்தின் கேட் நிறுவனத்து டைட்டன் அந்த வகை. நன்றாக வேலை செய்யும், ஆனால் பல துப்பாக்கிகளில் அதன் விலைக்கு ஒரு முழு கியர்பாக்ஸே கிடைத்துவிடும்.

மூடிய பிறகு முதல் ஓட்டம் 7.4 வோல்ட்டில், குண்டில்லாமல், செமியில் சில தட்டல்கள் மட்டும். மோட்டார் உயர ஸ்க்ரூவைக் கிறீச்சிடும் வரை ஏற்றி, பிறகு கால் கால் சுற்றாக இறக்கி, சத்தம் மிக மென்மையாகும் இடத்தில் விடுங்கள். ஆட்டோவில் இரண்டு வினாடிக்கு மேல் இழுக்காதீர்கள். பிறகு மோட்டார் பிடியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பெவல் ஷிம்மோ உயரமோ இன்னும் சரியில்லை.

கடைசியாக 0.20 கிராம் குண்டு போட்டு வேகமானியில் பத்துச் சுடல். எம்100 ஸ்பிரிங் வினாடிக்கு 100 மீட்டரை ஒட்டித் தர வேண்டும், அதாவது 1 ஜூல். ஜப்பானில் இதுவே வரம்பைத் தாண்டிவிடும். பிரிட்டனில் ஆட்டோ துப்பாக்கிக்கு 1.3 ஜூல் வரை இடமுண்டு. சுடலுக்குச் சுடல் வேகம் ஏறி இறங்கினால் அதில் கியருக்குப் பங்கில்லை: நாசில் ஓ-ரிங்கையும் ஹாப்-அப் ரப்பரின் உதட்டையும் பாருங்கள், பெரும்பாலும் ரப்பரில்தான் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் இருக்கும்.